ஆறு மணித்தியாலம்

பச்சை. அம்பில் ஒட்டியிருந்தது சிவப்பு இல்லை, பச்சை. புல்லை மென்று துப்பினால் என்ன நிறமோ அது, நடுவில் பழுப்பாக இரண்டு இழை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன், புளித்த மணம் வந்தது. நெஞ்சில் பட்டிருந்தால் அம்பில் இளஞ்சிவப்பு நுரை இருக்கும், அதைப் போனில் நூறு தடவை பார்த்துப் பாடமாக்கி வைத்திருந்தேன், நுரை, நுரை என்று மூன்று மாதமாக நுரைக்காகவே காத்திருந்தவன் நான். இது வயிறு. முன்னங்காலுக்குப் பின்னால் நாலு விரல் விட்டு அடிக்க வேண்டும் என்று படித்தவன் ஒரு சாண் விட்டு அடித்திருக்கிறேன். மணி எட்டுப் பத்து. வில்லை இழுத்தபோது கை நடுங்கவில்லை, மூச்சுப் பிசகவில்லை, மான் பதினாலு எட்டுத் தூரத்தில் பக்கவாட்டாக நின்றது, அதைவிடச் சின்னப் பெட்டிக்கு நான் ஒரு நாளைக்கு அறுபது அம்பு விட்டிருக்கிறேன். ஆனால் மூன்று விரலும் நாணை விடுகிற நேரத்தில் நான் மானைப் பார்க்கவில்லை. டெஸ்மனுக்கு என்ன மெசேஜ் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ‘விழுத்தியாச்சு மச்சான்.’ அப்படியே எழுதுவதா, அல்லது படத்தை மட்டும் அனுப்பிவிட்டு ஒன்றும் சொல்லாமல் விடுவதா, சொல்லாமல் விட்டால்தான் கெத்து என்று முடிவெடுத்தேன், அந்த முடிவுக்குள் மான் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது. அம்பு உள்ளே போன சத்தம் நனைந்த சாக்கில் தட்டினதுபோல் இருந்தது. மான் துள்ளவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு நாலு பாய்ச்சல், பிறகு நடை, பிறகு சீடார் மரங்களுக்குள் மெல்ல முழங்காலை மடித்துப் படுத்தது, வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆள் கட்டிலில் இருக்கிறமாதிரி. அம்பை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது அதன் தலை எனக்குத் தெரிந்தது. இரண்டு காது, விரலளவு இரண்டு கொம்பு, ஒரு கண். அறுபது எட்டுத் தூரம் இருக்கும்.

டெஸ்மன் என்னோடு பாண் ஃபக்டரியில் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவன், மன்னார்ப் பெடியன், என்னைவிட இரண்டு வயது மூப்பு, பத்து வருடமாகப் பீற்றர்பரோவுக்கு வடக்கே இந்த ஜெர்மன்காரக் கிழவரின் காணியில் லைசன்ஸ் எடுத்து மான் அடிக்கிறான். சதுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தில் ஏறி இருந்தான். முதல் மானுக்குக் குறுக்குவில்லைக் கொண்டுபோ, விசையைத் தட்டினால் போகும், பிழைக்காது என்று அவன் எத்தனை தரம் சொன்னான். அது மெசின், அதிலை என்ன இருக்கு என்று சிரித்தது நான்தான். கண்ணாடி இல்லாத, சில்லு இல்லாத, ஒரு மரமும் ஒரு கயிறுமான வில்தான் வேண்டும் என்று நின்றதும் நான்தான். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன், அவன் குசுகுசுத்தான். ‘பட்டதோ?’ பட்டது என்றேன். ‘எங்கை?’ பின்னாலை, அம்பிலை பச்சை என்றேன். ‘நாசமாப் போச்சு. சரி, அசையாதை. வயித்திலை பட்டா ஆறு மணித்தியாலம். இப்ப போய்க் கலைச்சியெண்டா ரெண்டு மூண்டு கிலோமீட்டர் ஓடி எங்கையோ பத்தைக்குள்ளை கிடந்து சாகும், எங்களுக்கும் இல்லை, ஒருத்தருக்கும் இல்லை. தானாப் படுத்துத் தானாச் சாக வேணும். விளங்குதோ?’ விளங்குது என்றேன். வைக்கப் போனவன் திரும்பவும், ‘பொறு பொறு, கிடக்கிறது உனக்குத் தெரியுதோ? தெரியுதெண்டால் கதை வேறை. காத்து அங்கையிருந்து உன்ரை பக்கம்தான் வருது, இரவு மழை பெய்து இலையெல்லாம் நனைஞ்சு கிடக்கு, சத்தம் வராது. மெல்லப் போய் இன்னொண்டு விட்டு முடிச்சுப் போட்டு வா. பாவமடா, வயித்துக் காயம்.’ நான் மானைப் பார்த்தேன். அது காதை ஒருமுறை ஆட்டியது. ‘தெரியேல்லை’ என்றேன். ‘அப்ப பொறு. ரெண்டு பத்துக்கு நான் வாறன்’ என்றான்.

தெரியேல்லை. எவ்வளவு லேசாக வாயில் வந்தது. யோசித்துச் சொன்ன பொய்யென்றால் நாக்குக் கொஞ்சமாவது தடுக்கும், இது எச்சில்மாதிரித் தானாக வந்தது. விழுந்து கிடந்த மேப்பிள் மரத்தின் வேருக்குப் பின்னால் என் சின்ன முக்காலி, அதில் போய் இருந்தேன், வேரின் சந்தால் பார்த்தால் மானின் தலை நேரே தெரிந்தது, எழும்பி நின்றால் வயிறும் தெரிந்தது. இருந்தேன். இருப்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, ஆறு மணித்தியாலம், சட்டத்தை நான் உண்டாக்கவில்லை, பத்து வருடம் அடித்தவன் சொல்லியிருக்கிறான். ஒரு பிழையும் இல்லை. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். இவன் ஒண்டையும் முடிக்க மாட்டான், அரையிலை விட்டிட்டு வந்து நிப்பான் என்று என்னைப் பற்றி ஆட்களுக்குச் சொல்வது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு, விருந்தாளி வந்தால் தேத்தண்ணியோடு அதுவும் வரும். மிருதங்கம் அரை, கொலிச் அரை, பேஸ்மென்ற் சுவருக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கி அரைச் சுவர், அந்த அரைச் சுவரைக் காட்டிக் காட்டியே ஆறு வருடம் சிரித்தார். அவர் போய்ப் பத்து மாதம். சுவர் இன்னும் அரையாகத்தான் நிற்கிறது. வில்லை வாங்கியபோது எனக்கு நானே சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒன்றையாவது, வாழ்க்கையில் ஒன்றையாவது, இந்தக் கையால் தொடங்கி இந்தக் கையால் முடிப்பேன் என்று. மான் என்றால் அரையில் விட முடியாதே என்று நினைத்தேன். விடலாம். ஒரு சாண் பின்னால் அடித்தால் அரை மான்.

ஒன்பதே கால். மூக்கால் புகை வருகிறது, எனக்கும் அதற்கும். அதன் புகை கெதிகெதியாக வருகிறது. தலையைத் திருப்பி வயிற்றை நக்குகிறது, நக்கிவிட்டு என்ன ருசி என்று யோசிக்கிறதுமாதிரி நிறுத்துகிறது, திரும்ப நக்குகிறது. ஒரு ஜே பறவை மேலேயிருந்து கத்திக்கொண்டிருக்கிறது, அதற்கு என் இருப்புத் தெரியும், ஊருக்கே சொல்கிறது. அப்பா வயிற்றை மறைத்துத்தான் வைத்திருந்தார், ஆஸ்பத்திரித் துணியை இழுத்து இழுத்து. குடல் அடைத்துவிட்டது, ஒப்பரேஷன் செய்தும் பலனில்லை, வாயால் ஒன்றும் இறங்கக் கூடாது. மூக்கில் குழாய், குழாயில் பச்சை. நான் அந்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன், மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நேர்ஸைவிடக் கவனமாகப் பார்ப்பேன், பார்க்கிற ஆட்களுக்கு நான் பொறுப்பான பிள்ளையாகத் தெரிந்திருக்கும். ‘தம்பி, ஒரு மிடறு.’ குடுக்கக் கூடாதாம் அப்பா. ‘ஒரு மிடறடா. ஆருக்கும் சொல்ல மாட்டன்.’ என் கையைப் பிடித்தார். அரையில் விடுகிறவனின் கையை அந்த மனுசன் விடாமல் பிடித்தார், எனக்கு அருவருப்பாக இருந்தது. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, எனக்கேகூட இப்போதுதான் சொல்கிறேன். அருவருப்பாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது, பிறகு எப்போது முடியும் என்று இருந்தது.

எழும்புகிறது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க அது எழும்பியது. முன்கால் முதலில், பின்பக்கம் வரவில்லை, அப்படியே கொஞ்ச நேரம் பாதி எழும்பி நின்று யோசித்தது, பிறகு பின்பக்கமும் வந்தது. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் தொப்பி அசைந்தது. ஓடு, என்று நினைத்தேன். ஓடித் தொலை. ஓடினால் டெஸ்மன் சொன்ன கதைதான், பத்தைக்குள் கிடந்து சாகும், எனக்குத் தெரியாது, நான் பொறுத்துத்தான் இருந்தேன், என் பிழை இல்லை, அப்படி ஒரு நல்ல முடிவு. அது ஓடவில்லை. அதற்கு முன்னால் பத்து எட்டில் சதுப்பிலிருந்து வழிகிற ஒரு வாய்க்கால் இருக்கிறது, முழங்கால் அளவுத் தண்ணீர், அதைப் பார்த்து நடந்தது. வயிற்றில் அடிபட்டது தண்ணீரைத் தேடும், அதையும் படித்திருக்கிறேன், தண்ணீர் ஓரங்களில்தான் போய்த் தேட வேண்டும் என்று போட்டிருந்தது, தேடுவது எப்படி என்றுதான் போட்டிருந்தது, பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது எட்டில் முன்கால் மடிந்தது. ஐந்தாவதை முழங்காலால் வைத்தது. அங்கேயே படுத்துவிட்டது, கழுத்தை நீட்டி, மூக்குத் தண்ணீரைப் பார்க்க. நான் போத்தலின் சிவப்பு மூடியைத் திருகித் திறந்து குடித்துக்கொண்டிருந்தேன். இதை வேண்டுமென்று செய்யவில்லை. எப்போது போத்தலை எடுத்தேன் என்றே தெரியாது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் இருந்து, விழுங்கினேன்.

போகத்தான் போனேன். அதைச் சொல்லாமல் விட்டால் என்னை நானே குறைத்துச் சொன்னதாகிவிடும், எனக்கு அந்தப் பழக்கமும் இல்லை. பதினொன்றரைக்கு எழும்பினேன். அம்பை நாணில் வைத்தேன், தொப்பியைத் திருப்பிப் போட்டேன், குதிக்காலை முதலில் வைத்து நடந்தேன். டெஸ்மன் சொன்னது சரி, இலை சத்தம் போடவில்லை, காற்று என் முகத்தில்தான் அடித்தது, ஜேகூட வாயை மூடிக்கொண்டது. ஐம்பது எட்டு. நாற்பது. செய், இப்போது செய், மூன்று விரல், கன்னத்தில் கை, விடு, முடிந்தது, ஆறு வினாடி வேலை, இரண்டு வாரத்துக்கு இறைச்சி, அம்மாவுக்கு ஒரு தொடை, அரைச் சுவரை மிச்சமும் அடித்துவிடலாம், இந்த ஞாயிறே அடிக்கலாம், வெள்ளையா இளமஞ்சளா. முப்பது. இருபது. அது என்னைப் பார்த்தது. தலையை மட்டும் திருப்பி, முழுக் கண்ணாலும். வெருளவில்லை. எழும்ப முயலவில்லை. மான் மனிதனைப் பார்த்தால் ஓட வேண்டும், அதுதானே ஒழுங்கு, அதை நம்பித்தானே ஆறு மணித்தியாலம் என்று ஒரு சட்டம். இது என்னைப் பார்த்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு, நாடியை நிலத்தில் வைத்தது. வா என்றுதான். வேறென்ன. எதையோ கொண்டுவருகிறான் என்றுதான். வில்லை அரைவாசி இழுத்தேன். பக்கவாட்டாக நின்ற உடம்புக்கு அம்பு விடலாம், அது வெறும் அளவு, நாலு விரல், ஒரு சாண். முகம் அளவு இல்லை. மெல்ல நாணைத் திரும்ப விட்டேன். ஓடாது என்று இப்போது நிச்சயமாகத் தெரியும், சட்டத்துக்கு இனி ஒரு வேலையும் இல்லை, அது தெரிந்த பிறகும் பின்பக்கமாக, ஒவ்வொரு எட்டாக, மரியாதையாக, கோயில் மூலஸ்தானத்துக்கு முதுகு காட்டாமல் வருகிறமாதிரி வந்து என் முக்காலியில் இருந்தேன். பயம். அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

அதன் பிறகு சுலபமாகிவிட்டது. அதைத்தான் சொல்ல வேண்டும். பன்னிரண்டுக்குப் பசித்தது. கையிலிருந்த ரோலைச் சாப்பிட்டேன், மரக்கறி ரோல், நல்ல உறைப்பு. சாகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம், கை பாட்டுக்கு வாய்க்குப் போகிறது. அது இடைக்கிடை பல்லைக் கடித்தது, அந்தச் சத்தம் இவ்வளவு தூரம் கேட்டது, முதலில் எங்கேயோ கொப்பு முறிகிறது என்று நினைத்தேன். போனில் மணியைப் பார்த்தேன், பன்னிரண்டு இருபது, பன்னிரண்டு இருபத்திரண்டு. அன்றைக்கும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில், மூன்றாம் தட்டில், இஞ்சினை நிற்பாட்டிவிட்டு. காலையில் நேர்ஸ் மனம் இளகி, ஒரே ஒரு ஐஸ் துண்டு நாக்கில் வைக்கலாம், கரைந்து போகட்டும் என்றார். அப்பா முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ‘எடுத்துக்கொண்டு வாறன் அப்பா’ என்று சொன்னேன். காகிதக் கோப்பையோடு நடைபாதை மூலையிலிருந்த மெசினுக்குப் போனேன், கோப்பையை வைத்தேன், கடகடவென்று விழுந்தது, நிரம்பியது. திரும்பி வலப்பக்கம் நடந்தால் அப்பாவின் அறை. இடப்பக்கம் லிஃப்ற். நான் ஒன்றையும் முடிவு செய்யவில்லை, கால் இடப்பக்கம் போனது. பத்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு ஏறலாம் என்றுதான் இருந்தது. நாலு மணித்தியாலம். இடையில் தங்கச்சி பிரணவி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள், போன் எடுத்தாள். ‘அண்ணா, எங்கை நிக்கிறாய்?’ ஃபக்டரியிலை அவசரமாக் கூப்பிட்டவங்கள், இப்ப 401 ஹைவேயிலை நிக்கிறன், பயங்கர ட்ரஃபிக் என்றேன், எச்சில்மாதிரி வந்தது. ‘கெதியா வா அண்ணா. அப்பா கதவைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். நீ ஐஸ் எடுக்கப் போனனியாம். நேர்ஸ் கொண்டுவந்து வைக்க வாயைத் திறக்கிறாரில்லை. நீ கொண்டு வாறாயாம்.’ எனக்கு முன்னால் கோப்பை இருந்தது. எல்லாம் கரைந்து தண்ணீராகியிருந்தது. வாய் வரண்டிருந்தது, யோசிக்காமல் எடுத்துக் குடித்தேன். முழுக் கோப்பையும். பிறகு அவள் திரும்பப் போன் எடுத்து அழுதாள், நான் ஏறிப் போனேன். செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அவள் சொன்னாள், பாவம் அண்ணா, ட்ரஃபிக்கிலை மாட்டிட்டார், எவ்வளவு துடிச்சிருப்பார். கடைசியில் மூத்த பிள்ளை வா என்று கூப்பிட்டு ஐயர் கையில் அரிசியைத் தந்தார். வாய்க்கரிசி. அந்த வாயைக் கொஞ்சம் விரித்து நான்தான் போட்டேன். உதடு தோல் எழும்பி வெடித்திருந்தது. அரிசி நாக்கில் ஒட்டவில்லை, அப்படியே நின்றது.

ஒரு மணிக்குப் பிறகு மானைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். போனில் பெயின்ற் நிறங்களைப் பார்த்தேன், இளமஞ்சள்தான் நல்லது என்று பட்டது. இடையில் ஒருமுறை நிமிர்ந்தபோது தலை இன்னும் கிளம்பித்தான் இருந்தது. செத்துத் துலையன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அது காதைத் திருப்பியது. நான் சொன்னதைக் கேட்கத் திருப்பியது.

டெஸ்மன் சொன்ன நேரத்துக்கு வந்தான், கொப்புகளை விலக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு. நான் இரத்தம் தேடுவதுபோல் நிலத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தேன், இலையைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு இடத்தில் குனிந்து, இங்கை ஒரு துளி என்றுகூடச் சொன்னேன். ‘இஞ்சை கிடக்கடா!’ என்று அவன்தான் கத்தினான். முழங்காலில் நின்று மானின் கழுத்துக்குக் கீழே கையை வைத்தான், கண்ணின் ஓரத்தை ஒரு குச்சியால் தொட்டான். ‘இப்பதான் போயிருக்கு. பத்து நிமிசம் இராது. இவ்வளவு நேரமும் உயிரோடை கிடந்திருக்கு.’ மானிலிருந்து தலையை உயர்த்தி நான் வந்த பக்கத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். விழுந்த மேப்பிளின் வேருக்கு மேலே என் போத்தலின் சிவப்பு மூடி வெயிலில் நேரே தெரிந்தது, நடுவில் ஒரு கொப்புக்கூட இல்லை. ‘அதிலையிருந்து இது தெரியுமேடா, வாகீசன்’ என்றான். ‘குனிஞ்செல்லே இருந்தனான்’ என்றேன். அவன் என்னையும் மூடியையும் மானையும் பார்த்தான். நல்லவன், அல்லது களைத்துப் போனவன். எழும்பி என் தோளில் தட்டினான். ‘பொறுமையா இருந்திட்டாய். அதுதான் பெரிய விசயம். முதல் மானுக்கு ஆக்கள் பறந்தடிச்சு ஓடிக் குழப்பிப் போடுவினம்.’

பிறகு ஒரு சீடார் கொப்பில் விரல் நீளத்துக்கு முறித்து என்னிடம் நீட்டினான். ‘இந்தா, மான்ரை வாயிலை வை. அடிச்ச ஆள்தான் வைக்க வேணும். கிழவற்றை ஊர் வழக்கம், கடைசி வாய். இந்தக் காணியிலை இது செய்யாமல் தோல் உரிக்க விடமாட்டார்.’ நான் குனிந்தேன். உதட்டை விரலால் விலக்க வேண்டியிருந்தது. வாய்க்குள் வரண்டு போயிருந்தது, நாக்கு ஒரு பக்கமாகத் தடித்துக் கிடந்தது, பச்சைக் கொப்பை வைத்தால் ஒட்டாமல் வெளியே சரிந்தது. திரும்ப வைத்தேன், திரும்பவும் சரிந்தது. வாய்க்கால் ஐந்து எட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ‘டெஸ்மன், தண்ணி வைச்சிருக்கிறியே?’ என்று கேட்டேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவன் இடுப்பிலிருந்த போத்தலைத் திறந்து தந்தான். நான் அதை மானின் வாய்க்கு மேலே கொண்டுபோனேன். ‘விசரே உனக்கு?’ என்று அவன் சிரித்தான். ‘செத்ததுக்கு என்னத்துக்கடா தண்ணி? நீ குடி. பார், உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. குடிச்சுப் போட்டு நிமிந்து இரு, ஒரு படம் எடுப்பம்.’

குடித்தேன். குளிர்ந்த தண்ணீர், நல்லாயிருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, கொம்பு இரண்டையும் பிடித்துத் தலையை நிமிர்த்தி, படத்துக்குச் சிரித்தேன்.